ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்!

(சுகாதாரத் துறை ஊழியர்களுக்கு மக்களின் பண்பாட்டைப் பற்றிப் பயிற்சி கொடுப்பது குறித்து வாசகர்கள் கேட்டவை. பதில்களும் வாய்த்துடுக்கும் மாமாவுடையவை.)

கே: மாமா, ஆபீசில் 'கல்ச்சுரல் காம்பிடன்ஸ்' என்று இரண்டு நாள் பயிற்சி போட்டிருக்கிறார்கள். ஒரே வரியில் சொல்லிவிட்டால் நான் கட்டடித்துவிடுவேன். (சுகாதார ஆய்வாளர், விருத்தாசலம்)

ப: எதிரே உட்கார்ந்திருப்பவர் முட்டாள் இல்லை. அவ்வளவுதான், மீதி நேரமெல்லாம் டீயும் சமோசாவும். ஆனாலும் போய்விட்டு வாருங்கள். இந்த வரியைப் படிக்க ஒரு நொடி போதும், நம்புவதற்கு முழு சர்வீஸும் ஆகும்.

கே: இதை முதலில் யார் கிளப்பிவிட்டது? (பொது அறிவுப் பைத்தியம், சேலம்)

ப: ஒரு நர்ஸ். மேடலின் லைனிங்கர் 1950களில் சின்சினாட்டியில் ஒரு குழந்தைகள் மனநல இல்லத்தில் வேலை பார்த்தார். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதமான வீட்டிலிருந்து வந்திருக்க, எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்த கவனிப்பு பலிக்கவில்லை என்று கண்டார். மானுடவியல் படிக்கப் போனார், நியூகினி மலை மக்களோடு தங்கினார், டாக்டர் பட்டத்தோடு திரும்பினார். 1989-ல் டெரி கிராஸ் குழு ஓர் அறிக்கை எழுதி இப்போதைய பெயரைப் பிரபலமாக்கியது. அதன் பிறகு பவர்பாயிண்ட் வந்தது. நோய் முற்றிவிட்டது.

கே: தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். ஒரு வீட்டிலாவது கேட்க வேண்டுமே! (கிராம சுகாதாரச் செவிலியர், அரியலூர் மாவட்டம்)

ப: உங்களுக்கு முன்னால் பெரு நாட்டில் ஒருவர் கத்தியிருக்கிறார். லாஸ் மோலினோஸ் என்ற ஊர், 200 குடும்பங்கள். இரண்டு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி அந்தச் சுகாதார ஊழியர் மனம் மாற்றியது 11 இல்லத்தரசிகளை. எட்வர்ட் வெல்லின் எழுதிய இந்தக் கதை 1955-ல் அச்சானது. இன்றும் பாடப்புத்தகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

காரணம் கிருமியில் இல்லை. நம் ஊர் போலவே அங்கும் பண்டங்களைச் சூடு, குளிர்ச்சி என்று பிரித்துவைத்திருந்தார்கள். காய்ச்சிய தண்ணீர் நோயாளிக்கு உரியது. திடமாக இருப்பவள் அதைக் குடித்தால் தெருவே 'என்ன உடம்புக்கு?' என்று விசாரிக்கும். விறகுக்கும் நேரத்துக்கும் யார் பதில் சொல்வது? கிருமி பற்றி அந்த ஊழியர் சொன்னதெல்லாம் சரி. யாரும் அவரைத் தப்பு என்று சொல்லவில்லை, தண்ணீரைக் காய்ச்சவும் இல்லை.

கத்துவதை நிறுத்துங்கள். இப்போதைக்கு வெந்நீர் தேவைப்படுவது உங்கள் தொண்டைக்குத்தான்.

கே: படித்த டாக்டர் வாசலில் நிற்கும்போது 'ஆண் டாக்டர் வேண்டாம்' என்பது அப்பட்டமான மூடத்தனம் இல்லையா? (முற்போக்கு, கோவை)

ப: 1890களில் திண்டிவனம். ஒரே இரவில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து ஒரு மிஷனரி டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியருக்கும் பிரசவச் சிக்கல். டாக்டர் தயார், ஆனால் ஆண் வேண்டாம் என்றார்கள். அவருடைய மகள் வருவாளா? மகளுக்கு மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று தாய்மாரும் இல்லை.

'திருந்தாத ஜனங்கள்' என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியிருக்கலாம். கப்பல் ஏறத்தான் செய்தார். 1899-ல் கார்னெலில் மருத்துவப் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பி, 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். ஐடா ஸ்கடர். வழக்கம் மாறட்டும் என்று காத்திருக்க அவருக்குப் பொறுமை இருந்திருக்கலாம், பிரசவ வலிக்குக் கிடையாது.

கே: வீடு வீடாகப் போகும்போது செருப்பை வாசலில் கழற்ற வேண்டுமா? (புது நர்ஸ், தேனி)

ப: கட்டாயம். அதிகாரத்தையும் பக்கத்திலேயே கழற்றி வையுங்கள். யாரும் திருடமாட்டார்கள்.

கே: போகிற வீட்டில் காபி கொடுத்தால் குடிக்கலாமா? விதி என்ன சொல்கிறது? (அதே புது நர்ஸ்)

ப: விதி என்ன சொன்னால் என்ன, ஊர் என்ன சொல்கிறது என்று பாருங்கள். மேலத்தெருவில் டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டுக் காலனியில் 'இப்பதான் குடிச்சேன்' என்றால் அந்தக் கணக்கு அன்றைக்கே பதிவாகிவிடும். அப்புறம் அங்கே எந்த ஊசியும் இறங்காது.

கே: நோயாளியும் நல்லவர், டாக்டரும் நல்லவர் என்றால் தகராறுக்கு இடமே இல்லையே மாமா? (சமாதானப் புறா, தஞ்சாவூர்)

ப: கலிபோர்னியாவில் மெர்செட் என்ற ஊர். லாவோஸிலிருந்து அகதியாக வந்த ஹ்மாங் குடும்பத்தில் ஒரு பெண் குழந்தைக்கு வலிப்பு. ஆன்மா மிரண்டு ஓடிவிட்டது என்று பெற்றோர் நம்பினார்கள், அதில் ஒரு தெய்வாம்சத்தையும் பார்த்தார்கள். மூளையில் மின்சாரக் கோளாறு என்றார்கள் டாக்டர்கள். குழந்தைக்கு நாலரை வயது ஆவதற்குள் மருந்துச்சீட்டு 23 தடவை மாறியது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத வீட்டில் இந்த மாற்றங்களை யார் பின்தொடர்வது? கடைசியில் ஒரு பெரிய வலிப்பில் மூளை செயலிழந்தது.

ஆன் ஃபேடிமன் 1997-ல் இதைப் புத்தகமாக எழுதினார். படித்தால் பெற்றோரும் உயிராகப் பாசம் வைத்திருக்கிறார்கள், டாக்டர்களும் தூக்கத்தைத் தொலைத்து உழைத்திருக்கிறார்கள். வில்லனே இல்லாத சோகம். நம் கோடம்பாக்கத்தில் யாரும் படமாக்க மாட்டார்கள்.

கே: சரி, என்னதான் கேட்கணும்? பட்டியல் இருந்தால் கொடுங்கள். (ஹவுஸ் சர்ஜன், மதுரை)

ப: ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவர் 1978-லேயே கொடுத்துவிட்டார். உங்களுக்கு வந்திருப்பதை நீங்கள் என்னவென்று அழைக்கிறீர்கள்? எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏன் அப்போது வந்தது? எந்தச் சிகிச்சை வேண்டும் என்று தோன்றுகிறது? எதற்கு ரொம்பப் பயப்படுகிறீர்கள்? இப்படி மொத்தம் எட்டு என்று பாடம் நடத்துகிறார்கள். வெளிநோயாளிப் பிரிவில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது எட்டும் நடக்காது, எனக்கும் தெரியும். பயத்தை மட்டுமாவது கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது ஒன்பதாவது. அதற்குத்தான் பயிற்சி தேவை.

கே: சொல்வதற்கெல்லாம் நோயாளி 'சரிங்க, சரிங்க' என்று தலையாட்டுகிறார். புரிந்துவிட்டது என்று அர்த்தமா? (மருந்தாளுநர், நாமக்கல்)

ப: சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். 'புரிஞ்சுதா?' என்பதற்கு நம் மண்ணில் 'இல்லை' என்று பதில் சொல்பவர் இனிமேல்தான் பிறக்க வேண்டும். 'வீட்ல அத்தை கேட்டா இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடணும்னு சொல்வீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். பாதி நோயாளிகள் உங்களுக்கே புது வைத்தியம் சொல்வார்கள்.

கே: பயிற்சி முடித்துச் சான்றிதழும் வாங்கியாயிற்று. இனி எல்லாச் சமூகமும் எனக்கு அத்துபடி! (பெருமிதத்துடன், திருச்சி)

ப: ஐயையோ. 1998-ல் டெர்வலன், முர்ரே கார்சியா என்ற இரண்டு பெண் மருத்துவர்கள் எழுதிய கட்டுரையில் உங்கள் சகோதரி ஒருவர் வருகிறார். அறுவைச் சிகிச்சை முடிந்து ஒரு லத்தீன் அமெரிக்கப் பெண் முனகிக்கொண்டிருக்கிறார். 'ரொம்ப வலிக்குது போலிருக்கே' என்கிறார் அந்த வழியாக வந்த டாக்டர், அவரும் லத்தீன் வம்சாவளி. 'அவங்க இனமே வலியைப் பெரிசுபடுத்தும், நான் கோர்ஸ் படிச்சிருக்கேன்' என்கிறார் நர்ஸ்.

இதைப் பார்த்துத்தான் அந்த இருவரும் 'திறமை'யை விடுங்கள், முதலில் 'பணிவு' வரட்டும் என்றார்கள். சான்றிதழைக் கூடத்தில் மாட்டுங்கள். வார்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

கே: ஒவ்வொரு மதத்துக்கும் ஒவ்வொரு சாதிக்கும் 'இவர்கள் இப்படி' என்று அட்டவணை போட்டுவிட்டால் வேலை சுலபமாகுமே! (எக்செல் பிரியன், சென்னை)

ப: பியர்சன் நிறுவனம் நர்ஸிங் பாடப்புத்தகத்தில் போட்டது. எந்த இனத்தார் வலியை எப்படிக் காட்டுவார்கள் என்று வரிசையாகக் குறிப்பு. இந்து வழக்கத்தைப் பின்பற்றுபவர்கள் அடுத்த பிறவி நன்றாக அமைவதற்காக வலியைத் தாங்கிக்கொள்வார்களாம்! 2017-ல் உலகமே காறித் துப்ப, நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பக்கத்தை எடுத்தது. அடியேன் பல்வலிக்கே தெருவைக் கூட்டுபவன். என்னை எந்தக் கட்டத்தில் போடுவதாக உத்தேசம்?

கே: மக்களோடு மக்களாகப் பழகத் தெரிந்த ஊழியர் கிடைத்தால் கவலையே இல்லை, சரிதானே? (நம்பிக்கை, பாண்டிச்சேரி)

ப: 1932-ல் அமெரிக்கப் பொது சுகாதாரத் துறை அலபாமாவின் டஸ்கீகி வட்டாரத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. சிஃபிலிஸ் உள்ள கறுப்பின ஆண்கள் 399 பேர், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத 201 பேர். பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி ஆளைத் தின்கிறது என்று 1972 வரை வேடிக்கை பார்த்தார்கள்.

அத்தனை வருடம் அவர்கள் விலகிப் போகாமல் கட்டிக்காத்தவர் யூனிஸ் ரிவர்ஸ். அவரும் கறுப்பின நர்ஸ். காரில் கூட்டிப்போவார், குடும்பக் கதை கேட்பார், சாவுக்கு வந்து நிற்பார். கௌரவமான அடக்கம் அந்த ஏழைகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்து, பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதித்தால் அடக்கச் செலவு இலவசம் என்று ஏற்பாடு. மக்களை அவர் போலப் புரிந்துகொண்டவர் அந்த வட்டாரத்தில் கிடையாது. ஏமாற்றுவதற்கும் முதல் தகுதி அதுதானே! ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டது 1997-ல்.

கே: நல்ல காரியத்துக்காக ஜனங்களின் பக்தியைக் கொஞ்சம் பயன்படுத்திக்கொண்டால் குற்றமா? (சாணக்கியன், காஞ்சிபுரம்)

ப: நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. பெரியம்மைத் தடுப்பூசி வந்த புதிது. பசுவிலிருந்து வந்த சரக்கை உடம்பில் ஏற்றிக்கொள்வதா என்று ஜனங்கள் தயங்கினார்கள். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்தாரே எல்லிஸ் துரை, வள்ளுவர் உருவம் பொறித்த தங்கக் காசோடு சேர்த்துப் பேசப்படுபவர், அவர் ஒரு தந்திரம் செய்தார். தடுப்பூசியைப் பசுமாதாவின் கொடையாகக் காட்டும் ஒரு சிறு கவிதையை சமஸ்கிருதத்தில் தாமே இயற்றினார். அதைப் பழைய தாளில் எழுதி, 'கண்டெடுத்தோம்' என்று பரப்பினார்கள். ஜான் மால்கம் 1826-ல் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

எண்ணம் நல்லதுதான். ஆனால் இந்த மாதிரிப் போலி ஏடுகளை நம்பி 'பண்டைய பாரதத்திலேயே தடுப்பூசி இருந்தது' என்று எழுதியவர்கள் பின்னால் வரிசையாக வந்தார்கள். பெரியம்மை 1980-ல் உலகை விட்டே ஒழிந்தது. அந்தப் பொய் இன்னும் வாட்ஸ்அப்பில் நலமாக இருக்கிறது.

கே: பயிற்சியாவது கியிற்சியாவது! சட்டம் போட்டு நாலு போலீஸை அனுப்பினால் தானாக வழிக்கு வருவார்கள். (கண்டிப்பு, வேலூர்)

ப: 1897-ல் பூனாவில் பிளேக். தொற்றுநோய்ச் சட்டம் அந்த வருடம்தான் பிறந்தது. சிப்பாய்கள் பூட்ஸ் காலோடு அடுப்படிக்கும் பூஜை அறைக்கும் நுழைந்தார்கள். பெண்களைப் பலர் பார்க்கப் பரிசோதித்தார்கள். ஜனங்கள் பிளேக் நோயாளியைச் சிப்பாயிடமிருந்து ஒளித்துவைத்தார்கள், எலிக்கு வசதியாகப் போயிற்று. ஜூன் 22 இரவு, விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்குப் போய்த் திரும்பும் வழியில் பிளேக் அதிகாரி ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அந்தச் சட்டம் 2020 கொரோனாவரை தாக்குப்பிடித்தது. அதிகாரி அந்த ஜூலையைத் தாண்டவில்லை.

கே: உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்தை எதிர்த்தார்களாமே? படிப்பறிவு இல்லாததுதானே காரணம்? (ஆசிரியர், நாகர்கோவில்)

ப: சார், ஞாபகசக்தி இருந்ததுதான் காரணம். 1976 எமர்ஜென்சியில் ஆட்களைப் பிடித்துக் கருத்தடை செய்தது அந்த ஊர்களுக்கு மறக்கவில்லை. 'இந்தச் சொட்டு மலடாக்கும்' என்ற வதந்திக்கு நிலம் உழுது தயாராக இருந்தது. இன்னொன்றும் கேட்டார்கள்: 'குழாயில் தண்ணீர் இல்லை, சாக்கடை தாண்டித்தான் வீட்டுக்கே வர வேண்டும், அதையெல்லாம் கண்டுகொள்ளாத சர்க்கார் இந்தச் சொட்டை மட்டும் ஏன் வாசல்வரை கொண்டுவந்து ஊற்றுகிறது?' நியாயமான கேள்வி. எனக்கே சந்தேகம் வரும்.

பதில் சொல்ல 2001 முதல் யூனிசெஃப் உள்ளூர்ப் பெண்களை ஆயிரக்கணக்கில் திரட்டியது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் கைகொடுத்தன. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. பிற்பாடு சுத்தமான தண்ணீர், வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று சொட்டோடு சேர்த்து மற்றதையும் பேசினார்கள். 2009-ல் நாட்டில் 741 போலியோ நோயாளிகள், உலகக் கணக்கில் கிட்டத்தட்டப் பாதி. 2011-ல் ஒரே ஒருவர், மேற்கு வங்கம் ஹௌராவில். அதோடு சரி. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத பகுதி என்று சான்றும் வந்தது. ஜனங்களுக்குப் பாடம் எடுத்தது பாதி, ஜனங்களிடம் பாடம் கேட்டது பாதி.

கே: பாகிஸ்தானில் மட்டும் இன்னும் ஏன் சந்தேகப்படுகிறார்கள்? (உலக நடப்பு, ஈரோடு)

ப: காரணங்கள் பல, ஒன்றுக்கு வாஷிங்டன் முகவரி. பின்லேடனைத் தேட 2011-ல் சி.ஐ.ஏ. அபோட்டாபாத்தில் போலியாக ஹெபடைடிஸ் தடுப்பூசி முகாம் நடத்தியது. தடுப்பூசியை இனி வேவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று 2014-ல் வெள்ளை மாளிகை வாக்குக் கொடுத்தது. வதந்தி கிளப்புபவனுக்கு அந்தப் போலி முகாமைவிடப் பெரிய நன்கொடையை யாரும் கொடுத்ததில்லை.

கே: எபோலா மாதிரிக் கொடிய நோயில் சடங்கு சம்பிரதாயம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? (அவசரம், திருநெல்வேலி)

ப: பார்க்காததன் விலையை மேற்கு ஆப்பிரிக்கா கொடுத்தது. இறந்தவரைக் குளிப்பாட்டித் தொட்டு வழியனுப்புவது அங்கே வழக்கம், எபோலாவும் பிணத்தின் மேல் உயிரோடு இருக்கும். அதனால் வேற்றுக்கிரக உடையில் ஒரு குழு வரும், பிணத்தைக் கறுப்புப் பையில் போட்டு எடுத்துப் போகும், எங்கே புதைத்தார்கள் என்றும் தெரியாது. மன்ரோவியாவில் எரிக்கவே உத்தரவிட்டார்கள். விளைவு: ஜனங்கள் பிணத்தை ஒளித்து ராத்திரியில் அடக்கம் செய்தார்கள். கினியாவின் வொமே கிராமத்தில் 2014 செப்டம்பரில் விழிப்புணர்வுக்குப் போன குழுவில் எட்டுப் பேரைக் கொன்றேவிட்டார்கள்.

புதுத் தொற்றில் குறைந்தது 20 சதவீதம் அடக்கத்தின்போது வருகிறது என்று கணக்கிட்ட உலக சுகாதார நிறுவனம் அந்த நவம்பரில் வழிமுறையைத் திருத்தியது. மதபோதகர் பக்கத்தில் நிற்கட்டும். முஸ்லிமானால் தண்ணீரில்லாமல் சுத்தம் செய்யும் தயம்மும் சடங்கு, பிணத்துக்குப் போர்த்தும் கஃபன் துணி. குடும்பத்தார் குழி வெட்டட்டும், பிரார்த்தனை செய்யட்டும், பிணத்தைத் தொடுவது மட்டும் கூடாது. சியரா லியோனில் பை கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறியது. வைரஸுக்கு நிறம் ஒரு பொருட்டில்லை, அம்மாவைப் பறிகொடுத்த மகனுக்கு உண்டு.

கே: அந்த மக்களுக்குத் தொற்றுநோய் பற்றி ஏதாவது தெரியுமா, எல்லாம் நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? (அப்பாவி, தர்மபுரி)

ப: உகாண்டாவில் குலு வட்டாரம், 2000-ம் ஆண்டு எபோலா. மானுடவியலாளர் பேரி ஹியூலெட் அக்கோலி மக்களின் பெரியவர்களிடம் விசாரித்தார். கொள்ளைநோய் வந்தால் அவர்களுக்கென்று பரம்பரை விதிமுறை இருந்தது: நோயாளியைத் தனி வீட்டில் வை, பிழைத்தெழுந்தவர் மட்டும் சாப்பாடு கொடுக்கட்டும், வாசலில் நீளமான புல் தண்டு நட்டு எச்சரி, வெளியூர்ப் போக்குவரத்தை நிறுத்து, கூத்து கும்மாளம் வேண்டாம். ஜெனிவாவிலிருந்து விமானத்தில் வந்தவர்கள் கொண்டுவந்த காகிதத்தில் என்ன இருந்தது என்கிறீர்கள்? ஏறக்குறைய இதேதான், டைப் அடித்து.

கே: வெள்ளைக் கோட்டு பார்த்தால் நம்பிக்கை வரும்தானே? (மாணவி, மருத்துவக் கல்லூரி)

ப: மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் வராது. டாக்டர்கள் அபய் பங், ராணி பங் தம்பதி அங்குள்ள கோண்டுப் பழங்குடியினரிடம் 'ஆஸ்பத்திரிக்கு ஏன் வரமாட்டேன் என்கிறீர்கள்?' என்று கேட்டார்கள். 'நாங்கள் பிணத்தைத்தான் வெள்ளையில் சுற்றுவோம். பிணம் மாதிரி உடுத்திக்கொண்டு நீங்கள் எங்களை எப்படிப் பிழைக்க வைப்பீர்கள்?' என்று பதில் வந்தது. பெரிய கட்டடமும் பயம், சொந்தக்காரரை வெளியே நிறுத்துவதும் பயம்.

குடிசை வடிவில் ஆஸ்பத்திரி கட்டினார்கள். குடும்பம் கூடவே தங்கலாம். வைத்த பெயர், அவர்கள் கும்பிடும் தெய்வம் தந்தேஸ்வரியுடையது. கன்சல்டன்ட் ஃபீஸ் யாரும் வாங்கவில்லை.

கே: தமிழ்நாட்டில் அப்படி யாரும் செய்யவில்லையா? (தன்மானத் தமிழன், சிவகங்கை)

ப: நீலகிரியில் கூடலூருக்குப் போய் வாருங்கள். 1990-ல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனை. பணியர், காட்டுநாயக்கர், பெட்டகுறும்பர் வீட்டுப் பெண்களுக்கே நர்ஸ் பயிற்சி கொடுத்து அவர்களே நடத்துகிறார்கள். வெளியாளுக்குப் பண்பாட்டைக் கற்றுக்கொடுப்பதைவிட, பண்பாடு தெரிந்தவருக்கு ஊசி போடக் கற்றுக்கொடுப்பது சீக்கிரம் முடிகிற வேலை.

கே: யாழ்ப்பாணத்துக்கும் ஒரு பதில் வேண்டும் மாமா. (ஈழத்து வாசகர், டொரன்டோ)

ப: தாராளமாக. 1847-ல் வந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் ஆஸ்பத்திரி வைத்து, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மருத்துவம் கற்பித்தார். தாமே தமிழ் படித்து, பிற்பாடு வகுப்பையே தமிழில் நடத்தினார். 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' என்று பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். மாணவர்கள் வேட்டியிலேயே இருக்கட்டும், கோட்டு சூட்டுக்கு மாற வேண்டாம் என்றும் பிடிவாதம். அவரிடம் மருத்துவம் படித்தவர்கள் அறுபதுக்கு மேல். தமிழில் கற்பிப்பது பற்றி நம் மருத்துவக் கல்லூரிகள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கின்றன.

கே: எங்கள் ஊர் டாக்டர் எங்கள் சாதிக்காரர்தான். அவருக்கெதற்குப் பயிற்சி? (உறவுக்காரர், ராமநாதபுரம்)

ப: அஞ்சரை வருஷம் மருத்துவக் கல்லூரியில் இருந்தவர் சாதி மாறிவிட்டார் சார். அந்தக் குலத்துக்குத் தனிச் சீருடை, தனி மொழி, வேறு யாரும் வாசிக்க முடியாத எழுத்து எல்லாம் உண்டு.

கே: இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் குழந்தை பெரிதாகிவிடும் என்று கர்ப்பிணிகள் தூக்கி எறிகிறார்கள். சலித்துவிட்டது. (கிராம சுகாதாரச் செவிலியர், திருவண்ணாமலை மாவட்டம்)

ப: அம்மா, அவர்கள் எறிவது மாத்திரையை இல்லை, பிரசவ பயத்தை. பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம், அப்புறம் சிசேரியன். தென் கர்நாடகக் கிராமங்களிலும் இதே பயத்தை மார்க் நிக்டர் என்ற மானுடவியலாளர் எழுதிவைத்திருக்கிறார். நீங்கள் ஹீமோகுளோபின் எண்ணைச் சொன்னால் அவர்களுக்கு அது கரண்ட் பில். 'ரத்தம் கம்மியா இருந்தா பிரசவத்துல ரத்தப்போக்கைத் தாங்க முடியாது, அதுக்குத்தான் இது' என்று அவர்கள் பயப்படும் இடத்திலேயே போய்ப் பேசுங்கள். மலம் கறுப்பாகப் போகும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் மாமியார் சொல்லிக்கொள்வார், வேறு மாதிரி.

கே: அப்படியானால் எல்லா மூடநம்பிக்கையையும் மதிக்க வேண்டும் என்கிறீர்களா? பெரியார் மண்ணில்? (பகுத்தறிவு, ஈரோடு)

ப: ஆளை மதியுங்கள், பழக்கத்தை எடை போடுங்கள். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது யாரையும் கொன்றதில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். தொப்புள்கொடியில் சாணம் வைத்தது ஏராளமான சிசுக்களை டெட்டனஸில் கொன்றிருக்கிறது, அங்கே சமரசம் கிடையாது. தாய்க்குத் தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், சுத்தமான பிளேடு என்று விடாமல் நின்றதால்தான் 2015-ல் இந்தியா பச்சிளங்குழந்தை டெட்டனஸை ஒழித்த நாடுகள் பட்டியலில் ஏறியது. வேப்பிலைக்கும் சாணத்துக்கும் ஒரே தொனியில் திட்டுபவர் பேச்சை இரண்டுக்குமே கேட்கமாட்டார்கள்.

கே: நோன்பு மாதத்தில் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். என்ன செய்வது? (மருந்தாளுநர், ஆம்பூர்)

ப: நோன்பு பிறந்த பிறகு யோசித்தால் நீங்கள் லேட். ஒரு மாதம் முன்னாலேயே 'இந்த வருஷம் நோன்பு வைக்கிறீங்களா பாய்?' என்று கேட்டு, சஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப வேளையையும் அளவையும் மாற்றித் தரச் சொல்லி டாக்டரிடம் அனுப்புங்கள். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு. அதை நீங்கள் சொல்வதைவிட இமாம் சொன்னால் செல்லும்.

கே: இந்தி தெரியாது, ஒடியா தெரியாது. வேலைக்கு வந்தவர்களின் எட்டு வயதுப் பிள்ளை நன்றாகத் தமிழ் பேசுகிறான். அவனை வைத்தே சமாளிக்கிறேன். (செவிலியர், திருப்பூர்)

ப: அவன் அம்மாவுக்கு வெள்ளைப்படுதல் என்றால் அவனிடமா கேட்பீர்கள்? அமெரிக்காவில் அவசரம் தவிர மற்ற நேரத்தில் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று 2016-ல் விதியே போட்டார்கள். இங்கே விதி வரும்வரை ஒரு பெரிய மனுஷியைத் தேடிப் பிடியுங்கள். பையன் பள்ளிக்கூடம் போகட்டும்.

கே: வடக்கிலிருந்து வந்தவர்கள் டி.பி. மருந்தைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்கு ஓடிவிடுகிறார்கள். பொறுப்பே இல்லை! (அதே ஊர், வேறு செவிலியர்)

ப: தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சத் பூஜை. பீகார்க்காரர் அதற்கு ஊருக்குப் போவார் என்பது ரயில்வேக்குத் தெரிந்திருக்கிறது, ஸ்பெஷல் விடுகிறது. சிகிச்சை குறைந்தது ஆறு மாதம். டி.பி. நோயாளிக்குத் தரும் 'நிக்ஷய்' பதிவெண் எந்த மாநிலத்திலும் செல்லும். கிளம்புவதற்கு முந்தின வாரம் கையில் மருந்தும் எண்ணும் கொடுத்து அனுப்புபவருக்கு என் சல்யூட்.

கே: எல்லாவற்றுக்கும் பண்பாடுதான் காரணமா? (சந்தேகம், கள்ளக்குறிச்சி)

ப: சபாஷ், உங்களுக்காகத்தான் காத்திருந்தேன். ஊருக்குக் கடைசி பஸ் நாலு மணி, ஸ்கேன் டோக்கன் மூன்றரைக்கு. வரமாட்டேன் என்கிறாள் மலைக்கிராமத்துப் பெண். ரிப்போர்ட்டில் 'கலாச்சாரத் தடை' என்று எழுதுகிறார்கள். பஸ் விடுங்கள், தடை தானாக இறங்கிவிடும். இந்தப் பயிற்சிகளின் மேல் எனக்கு இருக்கிற பெரிய குறையே இதுதான்: கழிப்பறை, கூலி, தூரம் என்று துறை செய்ய வேண்டியதையெல்லாம் நோயாளியின் 'நம்பிக்கை' கணக்கில் எழுதிவிட வசதியாக இருக்கிறது.

கே: பயிற்சி பலித்ததா இல்லையா என்று யார் மார்க் போடுவது? பயிற்சி கொடுத்தவரா? (ஆடிட்டர், மயிலாப்பூர்)

ப: நியூசிலாந்தில் நோயாளி. ஐரிஹபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரி நர்ஸ் கொண்டுவந்த ஏற்பாடு. அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரிகளுக்குத் தலை புனிதமானது. தலைக்கு வைக்கும் தலையணையைக் காலுக்குக் கொடுத்தால் பெரிய அவமதிப்பு. ஆனால் ராம்ஸ்டன் நர்ஸ்களை மாவோரி வழக்கங்களை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. முதலில் உன் வழக்கம் என்ன, உன் கையில் இருக்கும் அதிகாரம் என்ன என்று பார் என்றார். கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்பதைப் படுக்கையில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும் என்றார். 1992-ல் நர்ஸிங் படிப்பில் கட்டாயமாக்கியபோது வெள்ளைக்காரப் பத்திரிகைகள் குதியோ குதி என்று குதித்தன. ராம்ஸ்டன் அசரவில்லை.

கே: இத்தனை செலவு செய்கிறார்களே, பயிற்சியால் நோய் குறைந்ததற்கு ஆதாரம் உண்டா? (அதே ஆடிட்டர்)

ப: விடமாட்டீர்கள் போலிருக்கிறதே! மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடை போடும் காக்ரேன் அமைப்பு 2014-ல் உலகம் பூரா சலித்ததில் முறையான சோதனை ஆய்வுகள் ஐந்தே ஐந்து தேறின. தரமும் சுமார்தான், பலனும் திட்டவட்டமாகச் சொல்லும்படி இல்லை. இரண்டு நாள் வகுப்பு நடத்திவிட்டுச் சர்க்கரை அளவு இறங்கியதா என்று பார்த்தால் எப்படி இறங்கும்? நான் துறைச் செயலாளராக இருந்தால் வகுப்பறைக்கு வாடகை கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஊரைத் தெரிந்த செவிலியரை மூன்று வருடமாவது அதே ஊரில் இருக்க விடுவேன். நல்லவேளை, என்னை யாரும் நியமிக்கவில்லை.

கே: நாங்கள் சாதாரணப் பொதுஜனம். எங்களுக்கு இதில் ஏதாவது வேலை உண்டா? (குடும்பத் தலைவி, கரூர்)

ப: உண்டு. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டில் சாப்பிடும் கஷாயம், லேகியம், நாட்டு மருந்து, விரதம் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். குறிப்பாக ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள்: சில மூலிகைகள் அதோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரும். சொல்லியும் திட்டினால், டாக்டரை மாற்றுங்கள்.